மலையைப் பார்த்து நின்ற வண்டி

சவப்பெட்டியின் கால்மாட்டில் நின்றுகொண்டு ராபாட்டா தன் தம்பியைத் திட்டிக்கொண்டிருந்தார்.

“எத்தன தடவடா, ஹேனரே! எத்தன தடவ என்னைத் தூக்கத்துல எழுப்பி, வெறும் ஜட்டியோட மலை ஏற வச்சிருப்ப! ஒரு தடவயாச்சும் அலை வந்துச்சா? மேல உட்காந்து கொசுக்கடி வாங்கிட்டு, விடிஞ்சதும் இறங்கி வருவோம். கடைசில கடல் வரல. நீதான்டா போய்ட்ட.”

சுவரோரம் மெத்தைகளில் உட்கார்ந்திருந்த ஜனங்கள் வாய்விட்டுச் சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே மூக்கையும் துடைத்துக்கொண்டார்கள். செத்தவரிடம் நேருக்கு நேர் பேசுவதும், வைய வேண்டியதை வைவதும் அந்த ஊரில் மரியாதைதான். மனசில் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போவதுதான் தப்பு.

எரானா சிரிக்கவில்லை. நேற்றிலிருந்து பெட்டியின் பக்கத்தை விட்டு அவள் நகரவில்லை, நகரவும் கூடாது. கறுப்பு உடை, தலையைச் சுற்றி வாடத் தொடங்கியிருந்த இலைவளையம். திறந்த பெட்டிக்குள் ஹேனரே, கல்யாணத்துக்குப் பிறகு மூன்றோ நான்கோ முறை மட்டுமே கட்டிய நீல டையோடு படுத்திருந்தார். மண் சாலையைச் சமன்படுத்தும் வண்டியை ஓட்டுவது அவர் வேலை. நேற்று முன்தினம் அதிலிருந்து இறங்கும்போதே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். ஐம்பத்தாறு வயது.

முன்னோர் வீடு என்று அவர்கள் சொல்லும் அந்தப் பெரிய மர வீடு, கடற்கரைச் சாலையை ஒட்டியே இருந்தது. கதவு வழியாகப் பார்த்தால் சாலை, அதைத் தாண்டி மணல், அதைத் தாண்டி கடல். பின்பக்கம் சமையல்கூடத்தில் எரானாவின் தங்கை கிரி தன் கூட்டத்தோடு உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தாள். மதியத்துக்கு மேல் நகரத்திலிருந்து ஹேனரேயின் தாய்வழிச் சொந்தங்கள் ஒரு பஸ் நிறைய வருகிறார்கள். அவர்களுக்குப் பாறையடியில் கிடைக்கும் கடல்முள்ளி வேண்டுமென்று மகள் ஹூரியா, சித்தப்பா மகன் தாமட்டியோடு காலையிலேயே முனைப் பாறைக்கு முங்கப் போயிருந்தாள். “அப்பா சாவுக்கு வர்றவங்களுக்கு டப்பா மீனா போடறது?” என்று கேட்டுவிட்டுப் போனவள்.

ராபாட்டா அடுத்த வசவுக்கு மூச்சிழுத்தபோது, பெட்டியைச் சுற்றிச் சாய்த்து வைத்திருந்த புகைப்படங்களில் ஒன்று நழுவிப் படுத்தது. பிறகு சுவரில் ஆணியில் தொங்கியவை எல்லாம் மரப்பலகையில் தட்டத் தொடங்கின. தரை நகர்ந்தது. உலுக்கல் இல்லை, இடி போன்ற சத்தம் இல்லை. கட்டிப்போட்ட படகில் நிற்பதுபோல இந்தப் பக்கம் ஒரு சாய்வு, அந்தப் பக்கம் ஒரு சாய்வு.

“பாத்தீங்களா, திட்டுனதுக்கு ஆட்டுறான்!” என்று யாரோ பின்னாலிருந்து சொன்னார்கள். சிரிப்பு எழுந்தது. ஆட்டம் நிற்கவில்லை. சிரிப்பு அங்கங்கே அறுந்தது. ஆட்டம் அப்போதும் நிற்கவில்லை. ஒரு குழந்தை அம்மாவின் மடியில் முகம் புதைத்தது. எரானா தன் கை பெட்டியின் விளிம்பைப் பிடித்திருப்பதைப் பார்த்தாள். யாரை விழாமல் பிடித்திருக்கிறோம் என்று அவளுக்கே தெரியவில்லை.

பிறகு நின்றது. புகைப்படங்கள் இன்னும் கொஞ்ச நேரம் தட்டிக்கொண்டிருந்தன.

“லேசுதான். ஒரு கப்புகூட உடையல,” என்று சமையல்கூடத்திலிருந்து கிரி கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். “போன்லயும் ஒண்ணும் வரல. சிக்னலே இல்ல.”

எல்லோரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு ஒருவர் பின் ஒருவராகப் பார்வை பெட்டிப் பக்கம் திரும்பியது. இப்படி ஒரு நேரத்தில் கத்த வேண்டியவர் அதற்குள் கைகட்டிப் படுத்திருந்தார்.

நாற்பத்தேழில் இந்தக் கரைக்கு வந்த அலையைப் பற்றி ஹேனரே பேசாத கூட்டம் கிடையாது. அன்றைக்கும் ஆட்டம் பெரிதில்லை; பலர் கவனிக்கவே இல்லை. அரைமணி கழித்துக் கடல் சாலையைத் தாண்டி வந்தது. “பலமா உலுக்குனா முட்டாளும் ஓடுவான்,” என்பார். ஒரு உள்ளங்கையை இன்னொன்றின் அடியில் மெல்ல நுழைத்துக் காட்டுவார். “இந்தக் கரைக்கு வெளிய, அடியில, ஒரு பூமித் தட்டு இன்னொண்ணுக்குக் கீழ இப்படிப் போய்ட்டே இருக்கு. அது மெதுவா, நீளமா ஆட்டுச்சுன்னா ஒருத்தனும் ஓட மாட்டான். எனக்கு அந்த ஆட்டம்தான் பயம்.” சாப்பாட்டு மேசையில்கூட இதைச் சொல்வார். ஹூரியா முட்கரண்டியால் அவர் கையைத் தட்டிவிடுவாள்.

“எல்லாரும் மேல போகணும்,” என்றாள் எரானா. நேற்றிலிருந்து பேசாத தொண்டை. குரல் சரியாக வரவில்லை. எழுந்து நின்று மறுபடி சொன்னாள். “எந்திரிங்க. மலைக்குப் போங்க. கிரி, அடுப்பை அணை. குழந்தைங்களை முதல்ல அனுப்பு.”

விதவை எழுந்து நின்றதே எல்லோரையும் எழுப்பிவிட்டது. ராபாட்டா மட்டும் நகரவில்லை.

“நீங்க போங்க. நான் இவன்கூட உட்காந்துக்கறேன். அடக்கம் ஆகற வரைக்கும் தனியா விடக் கூடாது. நம்ம ஆளுங்க யாரையும் விட்டதில்ல.”

“அண்ணே, நீங்க உட்காந்தா உங்க பசங்க உட்காருவாங்க. அவங்க உட்காந்தா அவங்க பொண்டாட்டி புள்ளைங்க போகாது.”

“அப்ப விட்டுட்டு வான்னு சொல்றியா?”

“இல்ல. தூக்குங்க.”

“ஜெபம் சொல்லல. மூடி போடற நாளு நாளைக்குத்தானே. எல்லாரும் பாத்து, தொட்டு, அப்புறம்ல…”

“மேல வச்சுச் சொல்லலாம். அண்ணே, நேரமில்ல.”

அவர் அவளைப் பார்த்தார். தாடை இரண்டுமுறை அசைந்தது. பிறகு மகன்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்.

மூடி திரைக்குப் பின்னால் சாய்ந்திருந்தது. அதைப் போடும் நேரத்தில் அந்த வீடே கதறும். அதற்காகத்தான் கடைசி நாள்வரை கண்ணில் படாமல் வைப்பார்கள். எரானா அதை இழுத்து வந்து தானே போட்டாள். முகத்தைப் பார்த்தால் கை நின்றுவிடும் என்று டையை மட்டும் பார்த்தாள். திருகாணி மாட்ட நேரமில்லை. யாரும் அழவில்லை.

“எந்த வண்டில ஏத்தறது?” என்றான் ராபாட்டாவின் மூத்தவன். “வாசல்ல நிக்கிறது கறிகாய் வந்த வண்டி.”

“சாப்பாட்டுச் சாமான் ஏத்துனதுல இவனையா? அறிவிருக்கா?” ராபாட்டா சீறினார்.

“அவரோட வண்டி இருக்கு,” என்றாள் எரானா.

நேற்று முன்தினம் காலை வேலைக்குப் போகும்போது அவர் நிறுத்திய இடத்திலேயே, வேலியோரம் அது நின்றது. துருப்பிடித்த வெள்ளை வண்டி, பின்னால் திறந்த தட்டு. கல்யாண வீடோ, கடையோ, தேவாலயமோ, எங்கே நிறுத்தினாலும் ஹேனரே முகப்பை மலைப்பக்கம் திருப்பித்தான் நிறுத்துவார். சாவியை எடுக்கவே மாட்டார். அதற்காக அவரைக் கேலி செய்யாத ஆளில்லை. சாவி உள்ளேயே தொங்கியது.

பெட்டியை ஏற்றும்போதுதான் எரானா கடலைப் பார்த்தாள். வித்தியாசமாக ஒன்றுமில்லை. சின்ன அலைகள். வலப்பக்கம், வளைந்து போகும் மணலின் கடைசியில், முனைப் பாறை கறுப்பாகத் தெரிந்தது. முங்கிக் கிடப்பவளுக்கு ஆட்டம் தெரிந்திருக்குமா? தண்ணீருக்குள் எதுவும் தெரியாது என்று யாரோ சொல்லியிருந்தார்கள். அல்லது சத்தமாகக் கேட்கும் என்றா?

அவள் கால்கள் சாலையைக் கடந்து மணலில் இறங்கியிருந்தன. எப்போது இறங்கினாள் என்று தெரியவில்லை.

“அக்கா!” கிரி கத்தினாள். “எங்க போற?”

“ஹூரியா.”

“அவ வந்துருவா. அக்கா, வா!”

எரானா இன்னும் இரண்டடி வைத்தாள். ஓடினால் பத்து நிமிஷம். திரும்பி வரப் பத்து நிமிஷம். போன கோடையில் இதற்காகத்தான் ஹேனரேயோடு ஒரு வாரம் பேசாமல் இருந்தாள். விடிகாலை ஆட்டம் ஒன்றில் அவளையும் மகளையும் மலைக்கு விரட்டிவிட்டு, அவர் பாட்டுக்கு வீடு வீடாகக் கதவு தட்டப் போய்விட்டார். கடைசி ஆளாகத்தான் மேலே வந்தார். “எங்களைத் தேடக்கூடத் தோணலையா?” என்று கேட்டாள். “யாரும் யாரையும் தேடக் கூடாது,” என்றார் அவர். “நீ மேல இருப்பன்னு நம்பறேன். அதனாலதான் என்னால அடுத்த வீட்டுக்குப் போக முடியுது.” அது பதிலா என்று கத்தினாள். ஹூரியா நடுவில் உட்கார்ந்து இருவரையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சாலையின் மறுபக்கம், மலைப்பாதையின் வாயில் குழந்தைகள் நின்றுவிட்டிருந்தன. பெரியவர்களும் நின்றிருந்தார்கள். விதவை கடலைப் பார்த்துப் போகிறாள். தாங்கள் எப்படி மலையைப் பார்த்துப் போவது என்பதுபோல. ராபாட்டா வண்டித்தட்டில் பெட்டியின் மேல் ஒரு கை வைத்து நின்றுகொண்டிருந்தார்.

எரானா திரும்பினாள். முதுகுக்குப் பின்னால் அலை விழும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. திரும்பிப் பார்க்காமல் பாதையில் ஏறினாள். “நடங்க. நிக்காதீங்க,” என்றாள். அவள் சொன்னது யார் காதிலும் விழுந்திருக்காது. ஆனால் நடந்தார்கள்.

பாதி மலையில் தலையிலிருந்த இலைவளையம் எங்கோ விழுந்துவிட்டது. வண்டி முன்னால் குழியில் விழுந்து எழும்போதெல்லாம் பெட்டி தடதடத்தது. ராபாட்டாவின் மகன்கள் அதன்மேல் ஏறக்குறையப் படுத்திருந்தார்கள். மூச்சு வாங்க வாங்க எரானா மகளின் பெயரை மனசுக்குள் சொல்லவில்லை. சொன்னால் கால் நின்றுவிடும் போலிருந்தது. வேலிக் கம்பங்களைப் பார்த்துக்கொண்டே போனாள்.

மேலே, ஆட்டுமயிர் கத்தரிக்கும் கொட்டகையில் பெட்டியை இறக்கி வைத்தார்கள். ஆடுகள் மூலையில் ஒண்டிக்கொண்டு வந்தவர்களைப் பார்த்தன. எரானா உள்ளே போகவில்லை. வெளியே வேலியைப் பிடித்துக்கொண்டு முனைப் பக்கமே பார்த்தாள். மணல் காலியாக இருந்தது. பாறை காலியாக இருந்தது.

“ஒண்ணும் வரல,” என்றான் ஒருவன் கொஞ்ச நேரம் கழித்து. “வழக்கம்போலத்தான்.”

அப்போதுதான் கீழே, ஓடை கடலில் கலக்கும் இடத்தில் தண்ணீர் வற்றிக்கொண்டிருந்தது. யாரோ அடியிலிருந்து உறிஞ்சுவதுபோல, படகுகள் ஒவ்வொன்றாகச் சேற்றில் சாய்ந்தன. பாறைகள், எவரும் பார்த்திராத பாறைகள், பாசியோடு வெளியே வந்தன. பிறகு கடல் திரும்பி வந்தது. படங்களில் வருகிற சுவர்போல இல்லை. வெறுமே நிற்காமல் வந்தது. மணலை மூடியது, சாலையை மூடியது, சமையல்கூடத்தின் ஒரு கதவில் நுழைந்து மறு கதவில் வெளியேறியது. சீவிய உருளைக்கிழங்கெல்லாம் மிதந்து போவது அங்கிருந்தே வெள்ளையாகத் தெரிந்தது. கிரி வாயைப் பொத்திக்கொண்டாள். முன்னோர் வீட்டின் படிகளில் ஏறிய தண்ணீர் உள்ளே போய் வெகுநேரம் இருந்தது.

முனைப் பாறையைக் காணவில்லை.

கிரி அவள் கையைப் பிடித்தாள். எரானா கையை விடுவித்துக்கொண்டு மறுபடி வேலிக் கம்பியைப் பிடித்தாள். கம்பியில் முள் இருந்தது; அப்புறம்தான் தெரிந்தது.

ஆடுகள்தான் முதலில் திரும்பின. கொட்டகைக்குப் பின்னால், முனையிலிருந்து வரும் மலைமுகட்டில், இரண்டு பேர். முங்கும் உடையில் தாமட்டி; அவனுக்கு முன்னால் வெறுங்காலோடு, புல்லில் தடுக்கித் தடுக்கி ஹூரியா. எரானா ஓடவில்லை. வேலியைப் பிடித்தபடி நின்ற இடத்திலேயே நின்றாள்.

ஹூரியா வந்து நின்றாள். முழங்காலுக்குக் கீழே கீறல்களில் ரத்தம் கசிந்திருந்தது.

“பாறையெல்லாம் கிரீச்சுன்னு ஒரு சத்தம்மா, தண்ணிக்குள்ள,” என்றாள். “நேரா மேல ஏறிட்டோம். உங்களைத் தேடி முன்னோர் வீட்டுக்கு வரணும்னு… பாதி இறங்கினேன். தாமட்டி இழுத்தான்.”

“சரி.”

“வரல நான்.”

“சரிடி.”

“அப்பா? அப்பா கீழ தனியாவா?”

“உள்ள இருக்கார்.”

ஹூரியாவின் உதடு கோணியது. அம்மாவைத் தாண்டிக் கொட்டகைக்குள் போனாள்.

நகரத்துப் பஸ் மேல்சாலையிலேயே நிறுத்தப்பட்டிருந்தது. சொந்தங்கள் இறங்கி, நல்ல செருப்போடு ஆட்டுப்புழுக்கையை மிதித்துக்கொண்டு வயல் வழியாக வந்தார்கள். வேலிக் கதவருகே தயங்கி நின்றார்கள். அழைக்காமல் உள்ளே வருவதில்லை. கிரி வியர்த்த கையை ஏப்ரனில் துடைத்துவிட்டு முன்னால் போய் நின்று, நீளமாக, நடுங்கும் குரலில் அவர்களை அழைத்தாள். அந்தப் பக்கத்திலிருந்து ஒரு பெண் குரல் பதில் சொன்னது. ஜனங்கள் கொட்டகையை நோக்கி மெல்ல நகர்ந்தார்கள்.

அவர்கள் வருவதற்குள் எரானா மூடியைத் தூக்கினாள். ராபாட்டா மறுமுனையைப் பிடித்தார். வந்த வழியின் குலுக்கலில் ஹேனரேயின் தலை ஒருபக்கமாகச் சரிந்திருந்தது. டை தோளுக்குப் போயிருந்தது. எரானா தலையை நிமிர்த்தி, தலையணையை அண்டை கொடுத்து, முடியை விரலால் வாரிவிட்டாள். ஹூரியா முங்கும் உடையோடே பெட்டியின் பக்கத்தில் முட்டிபோட்டு, அப்பாவின் நெற்றியில் நெற்றி வைத்துக்கொண்டிருந்தாள். அவள் முடியிலிருந்து கடல்நீர் சொட்டுச் சொட்டாக அவருடைய வெள்ளைச் சட்டையில் விழுந்து பரவியது.

“சட்டை நனையுது,” என்றார் ராபாட்டா மெதுவாக.

எரானா மகள் பக்கத்தில் உட்கார்ந்தாள். துடைக்கவில்லை.