அமாவாசையில் நிறைகிற குழு

"உங்க ஆபீஸ்ல அமாவாசைக்கா லீவு விடுறாங்க?" என்று கேட்டுவிட்டேன், கேட்டிருக்கக் கூடாது, ஆனால் விரல்கள் முந்திக்கொண்டன, இப்போது அடையாறு ராஜாவிடமிருந்து பதிலே இல்லை... சாப்ட்வேர் கம்பெனி, ஆற்றோரத்தில் வீடு, ஜன்னலைத் திறந்தால் கடல்காற்று என்று இத்தனை மாதமாக எழுதியவன், இன்றைக்கு, "அமாவாசையாச்சே, வேலை இல்லாம சும்மா குந்திகினு இருக்கேன், அதான் மத்தியானமே வந்துட்டேன்" என்கிறான். அமாவாசைக்குத் தறியில் உட்காராதவர்கள் யார்? நாங்கள், ஆரணி நெசவுக்காரர்கள்தானே, எங்கள் வீட்டிலும் இன்று தறி ஓடவில்லை, அதனால்தானே மார்க்கெட் ரோட்டு பிரவுசிங் சென்டரில் பிளைவுட் தடுப்புக்குள் திரையை இழுத்துவிட்டு நான் உட்கார்ந்திருக்கிறேன், ஜெகநாதன், இந்த இன்டர்நெட் குழுவில் மட்டும் திருவான்மியூர் ஜெகன், கடலை இரண்டே தடவை பார்த்தவன்.

பழைய மடல்களைப் பின்னோக்கித் தள்ளிப் பார்க்கிறேன், போன அமாவாசை, அதற்கு முந்தையது, சே, எப்படித் தெரியாமல் போனது, மற்ற நாட்களில் ஈ ஓட்டும் எங்கள் குழு அன்றைக்கு மட்டும் பொங்கி வழிகிறது, மைலாப்பூர்காரர் வருகிறார், பெசன்ட் நகர் வருகிறார், தி. நகர் ஜோக் அடிக்கிறார். நிலவில்லாத நாளில் மனிதர்களுக்கு மனம் திறந்துகொள்ளும் போலிருக்கிறது என்று நினைத்தேனே, பனி கொட்டும் தேசங்களின் நாவல்களைத் தமிழில் படித்துப் படித்துக் கெட்டுப்போன மூளை, வேறென்ன நினைக்கும்! மனமும் இல்லை நிலவும் இல்லை, தறிக்கு லீவு, அவ்வளவுதான்... சிரிப்பு வந்துவிட்டது, அடக்கியும் மூக்கு வழியாக வந்துவிட்டது, கல்லாவிலிருந்து குப்புராஜ் அண்ணன், "இன்னாப்பா உள்ள, தனியா சிரிச்சிகினு கீற?" என்றார். "ஒண்ணுமில்லண்ணா, ஜோக்கு வந்துச்சி" என்றேன். ஜோக்குதான், ஊரே சேர்ந்து அடித்த ஜோக், ஆணை விரும்புகிற ஆண் ஆரணியில் நான் ஒருவன்தான் என்று ஒவ்வொருவரும் நம்பிக்கொண்டு, ஒவ்வொருவரும் சென்னைக்குக் குடிபோய், அங்கே ஒருவரையொருவர் கண்டுபிடித்திருக்கிறோம்.

ஆனால் சிரிப்பு அடங்கியதும் பழைய குழு ஞாபகம் வந்தது. நான் முதலில் தொடங்கிய அந்தக் குழு எப்படிப் போனது? எவனோ ஒருவன், "உங்க தெரு எதுங்க, நேர்ல வரட்டுமா" என்று கேட்டான், மறுநாள் காலையில் காலியாகக் கிடந்தது, போய்வருகிறேன் என்றுகூட யாரும் சொல்லவில்லை. அதற்குப் பிறகுதான் இந்தக் குழு, போட்டோ கேட்கக் கூடாது, விலாசம் கேட்கக் கூடாது, புதிதாக வருகிறவரிடம் எல்லோரும் சாப்பிட்டீர்களா என்று மட்டும் கேட்க வேண்டும், இந்தக் கட்டுப்பாட்டில்தான் இது நிலைத்தது, வந்தவர்கள் தங்கினார்கள், ஒருவருக்குக் காய்ச்சல் என்றால் எல்லோரும் விசாரிக்கிறார்கள். இப்போது நானே தெரு கேட்ட அந்த ஆளாகிவிட்டேனா? ராஜா போனால் பின்னாலேயே மைலாப்பூர் போகும், பெசன்ட் நகர் போகும்... அவனைத் தனியாக மாட்டவிட்டு நான் மட்டும் கடற்கரையில் ஒளிந்திருப்பது நியாயமா? கண்ணை மூடிக்கொண்டு தட்டினேன், "எங்க வீட்லயும் இன்னிக்குத் தறி ஓடலங்க."

அனுப்பியாகிவிட்டது. மேலே மின்விசிறி சுற்றுகிறது, வெளியே ஆற்காடு பஸ் ஹாரன் அடிக்கிறது, வரமாட்டான், போய்விட்டான்...

"அடப்பாவி!" என்று வந்தது. "பீச்சாண்ட வீடு, அலை சத்தத்துல தூக்கமே வரலன்னீங்களே?"

"நீங்க அடையாத்துல மீன் புடிச்ச கதை மட்டும்?"

"அது எங்க மாமா படவேட்டு ஏரில புடிச்சது. ஐயோ, அப்ப மைலாப்பூராரு?"

"அவரும் அமாவாசைக்குத்தான் வர்றாரு."

"பெசன்ட் நகரு?"

"அவரும்."

திரை முழுக்க அவன் சிரிப்பு, ஹஹஹ என்று வரிவரியாக, எனக்குக் கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. இந்த ஊரின் சாலைகள் திடீரென்று அகலமாகிவிட்டன, நாளைக்குக் கடைத்தெருவில் எதிரே வருகிற எவனும் அவனாக இருக்கலாம், டீ ஆற்றுகிறவன், சைக்கிளில் பாவுநூல் கட்டிக்கொண்டு போகிறவன்... குழுவுக்கு ஆரணி என்றே பெயர் மாற்றிவிடலாமா, மாற்றினால் எத்தனை பேர் தங்குவார்கள், எத்தனை பேர் ஓடுவார்கள்? அவனிடமே கேட்டேன்.

"பேரு அப்புறம் வெச்சிக்கலாம்" என்று வந்தது, பிறகு மெதுவாக, "கொஞ்ச நேரத்துக்கு முன்ன குப்புராஜ் அண்ணன் ஏன் தனியா சிரிக்கிறன்னு கேட்டது உங்களத்தானா?"

இங்கேயேதான் இருக்கிறான். இடப்பக்கத் தடுப்பிலா, வலப்பக்கமா? ஒரு நாற்காலி கிறீச்சிட்டது, இத்தனை பேர் அஞ்சாமல் பேச இடம் கட்டிக்கொடுத்தவன் நான், ஒரு பிளைவுட் பலகைக்கு அந்தப்பக்கம் ஒருவன் மூச்சுவிடுகிறான் என்றதும் தடுப்பின் துணியை இன்னும் இழுத்து மூடுகிறேன்... 

"ஏங்க, பயப்படாதீங்க, எனக்கும் உதறுது" என்று திரையில் எழுத்து விழுந்தது. "நீங்கதான்னா, ஒரே ஒரு வாட்டி இருமுங்களேன்."