மாம்பழப் பாடம்

பெரியகுளத்துப் பெண்கள் ஆசிரியப் பயிற்சிப் பள்ளியில் சொர்ணலதா டீச்சர் வகுத்த முதல் பாடம் மாம்பழம். பையிலிருந்து பழத்தை எடு, பெயரைக் கேள், பலகையில் முழுச் சொல்லாக எழுதிப் படிக்க வை. அப்புறம்தான் எழுத்து எழுத்தாகப் பிரி. ஆனா ஆவன்னாவை மாதக்கணக்கில் மணலில் எழுதிப் பிள்ளைகளின் விரலும் உயிரும் தேய்வானேன் என்பது அவள் கட்சி.

இந்த முறை நிலைக்குமா, மண்ணைக் கவ்வுமா என்று பார்க்க 1937 ஐப்பசியில் இன்ஸ்பெக்டர் சண்முகராஜ் வந்தார். பிடித்துப்போனால் சொர்ணலதாவுக்கு மதுரையில் பயிற்சிக் கல்லூரிப் பேராசிரியை வேலை. பிடிக்காவிட்டால் பழைய மணலே கதி.

அவர் முன்னால் பாடம் நடத்த வேண்டியவள், பயிற்சிக்கு வந்திருந்த தேவாரம் ஊர்க்காரி ஜக்கம்மா. ஐப்பசியில் மாம்பழத்துக்கு எங்கே போவாள்? விடுதிக் கொல்லையில் பறித்த கொய்யாவைப் பையில் போட்டுக்கொண்டாள். சொர்ணலதாவும், எந்தப் பழமானால் என்ன என்று தலையாட்டிவிட்டாள். வினை அங்கேதான் பிடித்தது.

பயிற்சிக்கு வருகிறவர்கள் நடத்திப் பழகுவதற்கென்றே பக்கத்தில் ஒரு மாதிரிப் பள்ளி உண்டு. அங்கே படிக்கிற பிள்ளைகள் பழம் தின்று கொட்டை போட்டவர்கள். மற்ற சொற்களை வகுப்பு டீச்சர் சொல்லிக்கொடுத்தாலும், பயிற்சிக்காரி பையோடு வந்தால் மாம்பழம்தான் என்பது அவர்களுக்கு அத்துபடி.

இன்ஸ்பெக்டரைப் பார்த்த பதற்றத்தில் ஜக்கம்மா பழத்தைக் காட்ட மறந்து, முதலிலேயே ‘கொய்யா’ என்று பலகையில் எழுதிவிட்டாள்.

"இது என்னன்னு படிங்க பாப்போம்."

பிள்ளைகள் பையைப் பார்த்தார்கள்.

"மாம்பழம் டீச்சர்!" கூரை அதிர்ந்தது.

"ஏம்மா, இதுதான் உங்க முறையா? பலகையப் பாக்காமலே படிக்குதுகளே!" என்றார் சண்முகராஜ்.

சொர்ணலதாவுக்கு அவமானமாக இருந்தது. அவர் சொல்வது உண்மையாக இருந்துவிடுமோ என்ற பயம் அதைவிடப் பெரிதாக இருந்தது.

"தப்பு பிள்ளைக மேல இல்லைங்க, என் மேலதான்" என்றவள், விறுவிறுவென்று போய்ப் பிள்ளைகளுக்கு நடுவே சம்மணம் போட்டு உட்கார்ந்து, பக்கத்திலிருந்த சிறுமியைத் தட்டினாள். "மொக்கம்மா, எந்திரி. இன்னைக்கு நீதான் டீச்சர். எனக்குப் பாடம் நடத்து. பைய மட்டும் தொறக்காத."

மொக்கம்மாளுக்குக் கசக்குமா? பிரம்பை வாங்கிக்கொண்டு தொண்டையைக் கனைத்தாள். அச்சு அசல் ஜக்கம்மா! வகுப்பு சிரித்தது.

"ஏலே, சத்தம் போடக் கூடாது! எல்லாரும் பலகையப் பாருங்க" என்று அதட்டியவள், தானும் திரும்பிப் பார்த்தாள். அப்படியே நின்றுவிட்டாள். கீழே உட்கார்ந்திருந்தவரை அந்தப் பலகையைப் பார்க்க வேண்டிய தேவையே அவளுக்கு வந்ததில்லை.

"இது மாம்பழம் இல்லயே..." பிரம்பு சொல்லின் மேல் ஊர்ந்தது. "மொத எழுத்து, கொடியில வர்ற கொ. பின்னால உள்ளது நம்ம அய்யாத்துரை பேருல வரும்..."

சொல்லிக்கொடுக்க ஜக்கம்மா வாயைத் திறந்தாள். சொர்ணலதா முறைத்த முறைப்பில் மூடிக்கொண்டாள்.

"கொய்... கொய்யா! கொய்யா டீச்சர்!"

மொக்கம்மாள் பையைக் கவிழ்த்தாள். பழம் உருண்டுபோய் இன்ஸ்பெக்டரின் பூட்ஸில் முட்டி நின்றது.

சொர்ணலதாவுக்குக் கண் கலங்கிவிட்டது. சந்தோஷத்தில் அவளும் "கொய்யா!" என்று கத்தினாள்.

மொக்கம்மாள் அவள் பக்கம் பிரம்பை நீட்டினாள். "கையத் தூக்கிட்டுச் சொல்லணும்."

சொர்ணலதா கையைத் தூக்கினாள்.

சண்முகராஜ் பழத்தை எடுத்துத் துடைத்து ஒரு கடி கடித்தார்.

"மதுரைக்குப் போங்கம்மா. ஆனா அந்த மாம்பழத்த இங்கனயே விட்டுட்டுப் போங்க."