எந்தக் குதிரை?

நான் பல் மருத்துவன். வாயைத் திறந்தபடி படுத்திருப்பவர்களிடம் மட்டுமே பல வருடங்களாகப் பேசிப் பழகியதால், எதிர்க்கேள்வி என்று ஒன்று உண்டு என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது. செஸ்ஸில் காரோ-கான் என்ற தொடக்கத்தைப் பற்றி ஓர் இணையதளம் ஆரம்பித்தபோதும் அதே பழக்கத்தில்தான் எழுதினேன்.

காரோ-கான் பொறுமைசாலிகளின் ஆட்டம். வெள்ளை முதல் அடியிலேயே மார்பை நிமிர்த்திக்கொண்டு வரும். கருப்பு ஒரு சிப்பாயை ஒரே ஒரு கட்டம் நகர்த்திவிட்டுச் சும்மா இருக்கும். எங்கள் வெர்ஷாட்ஸ் ஊரில், தீயணைப்பு நிலையத்து மாடியில் இருக்கும் செஸ் சங்கத்தில், அதை என்னைவிட அறிந்தவர் இல்லை என்பது என் கருத்து. மற்றவர்களின் கருத்தை நான் கேட்டதில்லை.

இணையதளத்தின் முகப்பில் என் படம், கையைக் கன்னத்தில் வைத்து யோசிப்பது போல. அடுத்து நான் செஸ் கற்ற வரலாறு. அதைத் தாண்டி வந்தால் நகர்த்தல்கள். நகர்த்தலுக்குள் அடைப்புக்குறி, அதற்குள் இன்னொரு அடைப்புக்குறி. சில இடங்களில் திறந்த அடைப்புக்குறியை எங்கே மூடினேன் என்று எனக்கே தெரியாது. பலகையின் படம் ஒன்றுகூடப் போடவில்லை. படம் பார்த்துப் படிப்பது குழந்தைகளின் வேலை என்று நினைத்தேன். தினமும் யாரோ ஒருவர் தவறாமல் வந்து படிக்கிறார் என்று கணக்குக் காட்டியது. ரொம்பப் பெருமையாக இருந்தது. பிறகுதான் தெரிந்தது, அந்த யாரோ நான்தான்.

உண்மையில் அதைப் படித்த முதல் ஆள் யாகோடா. எங்கள் அணியில் எனக்கு அடுத்து, நான்காவது பலகையில் ஆடுபவள். பள்ளியில் விளையாட்டு ஆசிரியை. அவள் பேசினால் மைதானத்தின் மறுகோடியில் இருப்பவனும் ஓடுவதை நிறுத்திவிடுவான். இலையுதிர் காலத்தில் பெச்சேய் ஊர் அணியோடு லீக் ஆட்டம் வந்தது. முந்தைய வாரம் அவள் கேட்டாள்: "ராதிவோய், எனக்குக் கருப்புதான் வரும்போல. உன் பக்கத்தைப் படிச்சுட்டு வரட்டா?"

"தாராளமா படி. அதுல இல்லாதது ஒண்ணும் இல்ல," என்றேன்.

அன்று அவளுக்கு எதிரே உட்கார்ந்தவர் திஹோமிர், பெச்சேயின் மாட்டு வைத்தியர். ஐந்தாவது நகர்த்தலில் அவர் தன் ராணியை ராஜாவுக்கு முன்னால் கொண்டுவந்து வைத்தார். அசட்டுத்தனமாகத் தோன்றும், ஆனால் அது பொறி. அந்த நேரத்தில் கருப்பின் இரண்டு குதிரைகளுமே எஃப்-6 என்ற ஒரே கட்டத்துக்கு வர முடியும். ஏற்கெனவே வெளியே வந்த குதிரை அங்கே போனால் ஆபத்தில்லை. வீட்டிலேயே இருக்கும் குதிரை போனால் அடுத்த நகர்த்தலிலேயே செக்மேட்.

என் பக்கத்தில் இப்படி இருந்தது: "இங்கே குதிரை எஃப்-6 அருமையான பதில்." எந்தக் குதிரை என்று சொல்லவில்லை. எனக்குத்தான் தெரியுமே!

யாகோடா யோசிக்கவே இல்லை. வீட்டிலிருந்த குதிரையைத் தூக்கி வைத்துவிட்டு, காபி வாங்கிவரலாம் என்று எழுந்தாள். திஹோமிர் தன் குதிரையை நகர்த்திவிட்டு, வருத்தமான குரலில், "உக்காருங்கம்மா, முடிஞ்சுபோச்சு," என்றார். நானெல்லாம் இன்னும் கோட்டைக்கூடக் கழற்றியிருக்கவில்லை. அந்த ஒரு புள்ளியால் அணியே தோற்றது.

பிறகு உணவு விடுதியில் எங்கள் தலைவர் ஸ்தானோயே ஆரம்பித்தார். "ஏம்மா, ஆறே நகர்த்தல்ல எப்படிம்மா? நம்ம மேல ஏதாவது கோவமா?"

"என்னைக் கேக்காதீங்க. டாக்டரைக் கேளுங்க. அவர் எழுதினதைத்தான் ஆடினேன்."

"அடைப்புக்குறிக்குள்ள எச்சரிக்கை போட்டிருக்கேனே," என்றேன்.

"எந்த அடைப்புக்குறிக்குள்ள?"

எல்லோரும் தத்தம் கைபேசியில் என் பக்கத்தைத் திறந்து தேடினார்கள். நானும் தேடினேன். சூப் ஆறிப்போனது. கடைசியில் ஸ்தானோயேதான் கண்டுபிடித்தார். என் குருநாதரைப் பற்றிய பத்திக்குக் கீழே இருந்தது. "டேய், தீ பிடிச்சா எங்க ஓடணும்னு எழுதின பலகையைக் கொண்டுபோய் நிலவறைக்குள்ள மாட்டி வச்சிருக்கியேடா!" என்றார். பக்கத்து மேஜைக்காரர்கள்கூடச் சிரித்தார்கள்.

சனிக்கிழமை காலை யாகோடா என்னை வீட்டுக்கு வரச் சொன்னாள். ஆய்வார் என்னும் மிளகாய்த் துவையல் போடும் பருவம். முற்றத்தில் சிவப்புக் குடைமிளகாய் சுட்டுக் குவித்திருந்தாள். கத்தியை என் கையில் கொடுத்து, "நீ தோலை உரி. நான் படிக்கிறேன். எனக்குப் புரியாத இடத்துல நிறுத்துவேன். நீ விளக்கம் சொல்லக் கூடாது, வெட்டணும்," என்றாள்.

"மிளகாயையா?"

"உன் எழுத்தை."

மைதானக் குரலில் படித்தாள். "'சிறுவயதிலேயே அறுபத்து நான்கு கட்டங்கள் என்னை அழைத்தன.' கூப்பிட்டது யாரு? ஃபோன்லயா?" பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்தது. "'கருப்பு இங்கே நிம்மதியாக மூச்சு விடுகிறது.' எங்க விட்டுச்சு? நான் செத்தே போனேன்!" ஜன்னலில் இருந்த பெண்மணி சிலுவை போட்டுக்கொண்டாள்.

விரல் எரிய எரிய நான் உரித்துக்கொண்டிருந்தேன். முதலில் கோபம் வந்தது. பிறகு அதுவும் வரவில்லை. ஒவ்வொரு வாக்கியத்தையும் அவள் வாயால் கேட்கக் கேட்க, அதில் பாதி நான் கெட்டிக்காரன் என்று சொல்வதற்காக எழுதியது என்று எனக்கே விளங்கியது. மீதிப் பாதி செஸ். அதைத்தான் ஒளித்து வைத்திருந்தேன்.

அந்தக் குளிர்காலம் முழுவதும் திருத்தினேன். ஒரு நகர்த்தல், ஒரு பலகைப் படம், ஏன் என்று ஒரு வரி. நகரும் காய்க்கு அம்புக்குறி. மற்ற கிளைகள் தட்டினால் மட்டும் திறக்கும். என் படத்தை எடுத்துவிட்டேன். அந்த இடத்தில் யாகோடா தன் தோல்வியையே போடச் சொன்னாள். "'எங்க அணியில் ஒருத்தி இப்படி ஆடித் தோத்தா'ன்னு போடு. என் பேரையும் போடு. நல்லது சொன்னா எவனும் படிக்க மாட்டான். அடுத்தவ விழுந்ததுன்னா ஓடி வருவான்."

அவள் சொன்னது சரி. ஜனவரியிலேயே லீக் முழுக்க என் பக்கத்தைப் படித்தது. பாராட்டுகள் வந்தன. நான் பல் பிடுங்கும்போதுகூடச் சீட்டியடித்தேன்.

பிப்ரவரியிலிருந்து தோற்க ஆரம்பித்தேன்.

எனக்கு எதிரே உட்கார்ந்தவர்களுக்கெல்லாம் என் அடுத்த நகர்த்தல் தெரிந்திருந்தது. அதற்கடுத்ததும் தெரிந்திருந்தது. என்ன செய்தால் எனக்குச் சங்கடம் என்பதையும் நானே அம்புக்குறி போட்டுக் காட்டியிருந்தேன். யாருக்கும் புரியாமல் எழுதியிருந்த காலத்தில் நான் பத்திரமாக இருந்தேன். ஸ்தானோயே என்னை நான்காவது பலகைக்கு இறக்கி, யாகோடாவை மூன்றாவதுக்கு ஏற்றினார்.

"வருத்தமா?" என்று அவள் கேட்டாள்.

"இல்ல."

"பொய் சொல்றப்பவாவது முகத்தை மாத்து."

வசந்தத்தில் பெச்சேய்க்காரர்கள் மறுபடி வந்தார்கள். யாகோடா வேறொருவரைத் திணறடித்துக்கொண்டிருந்தாள். எனக்கு எதிரே திஹோமிர். அவர் ராணியை அந்தப் பக்கமே கொண்டுவரவில்லை. என் பக்கத்தின் கீழே, 'இது வந்தால் கருப்புக்குக் கொஞ்சம் கஷ்டம்' என்று நான் எழுதியிருந்த வழியில், ஒரு நகர்த்தல்கூடப் பிசகாமல் ஆடினார். மதிய உணவுக்கு முன்பே தோல்வியை ஒப்புக்கொண்டு கை கொடுத்துவிட்டேன்.

அவர் காய்களை அடுக்கியபடி, மனதாரச் சொன்னார்: "டாக்டர், ரொம்பத் தெளிவா எழுதியிருக்கீங்க. என் பெண்டாட்டிக்கே புரியுது. நீங்க வெள்ளைல என்ன ஆடுவீங்கன்னு எப்ப எழுதப் போறீங்க?"

முறைக்கத்தான் நினைத்தேன். முடியவில்லை, வாய் தானாகச் சிரித்துவிட்டது. "கோடை விடுமுறையில," என்றேன்.

மூன்றாவது பலகையிலிருந்து யாகோடா, மண்டபமே திரும்பிப் பார்க்கும்படி, "மிளகாய் உரிக்க ஆள் கிடைச்சாச்சு!" என்றாள். நடுவர் அவளை எச்சரித்தார்.