போயா நாளிலும் எடுக்கிற வங்கி

சர்மிளா குழாயடிக்கு ஓடி வருவதற்குள் மீசையில் ஒரு பாதி போய்விட்டிருந்தது.

"சித்தப்பா, நிறுத்துங்க. கொஞ்சம் நில்லுங்க."

சவரக்காரர் கத்தியைத் தூக்கிப் பிடித்தபடி நின்றார். ஸ்டூலில் குந்தியிருந்த இருளப்பன் மொட்டைத் தலையில் தண்ணீர் வழிய, மிச்சப் பாதி மீசையோடு, அண்ணன் மகளை நிமிர்ந்து பார்த்தார்.

"என்னாம்மா?"

"அந்த பேங்க் ஆப்புக்கு உங்க மொகம் வேணும் சித்தப்பா. மீசையோட."

"பொணத்த வீட்டுல வச்சிக்கிட்டு என்னா பேச்சு பேசுற நீ?"

பாதி மீசையோடு ஒரு மனுசன் வாசலில் நிற்க முடியுமா? சவரக்காரர் அவளைப் பரிதாபமாகப் பார்த்துவிட்டு மிச்சத்தையும் வழித்தெடுத்தார். இதையெல்லாம் மயானத்தில் செய்வதுதான் முறை. இன்றைக்கு அங்கே தண்ணீர் வராது என்று யாரோ சொல்லப்போய், வீட்டிலேயே முடித்துவிடலாம் என்று ஆகிவிட்டது.

முன்னறையில் அவள் அப்பா சின்னமுத்து பெட்டிக்குள் கிடந்தார். நேற்றுச் சாயங்காலம் கதிரையில் சாய்ந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தவர், கோப்பையைக் கீழே வைக்காமலே போய்விட்டார். ஆண்பிள்ளை இல்லாத வீடு, அதனால் கொள்ளி வைக்க வேண்டியவர் தம்பி இருளப்பன். ஊரான மஹியாவயின் மரண சகாயச் சங்கத்துக்குத் தலைவரும் அவர்தான். அப்பா பொருளாளர். மாநகர சபையில் தெருக்கூட்டி ஓய்வு பெற்ற வீரம்மா செயலாளர்.

சங்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. செத்தது யாராக இருந்தாலும், பிரேதத்தைத் தூக்குவதற்கு முன், சாவுச் செலவுக்கென்று எல்லாரும் கட்டிச் சேர்த்த சங்கத்துக் காசு வெற்றிலை பாக்கோடு தாம்பாளத்தில் காலடிக்கு வர வேண்டும். தட்டு வைத்த பிறகுதான் தப்புக்காரர்கள் அடியை மாற்றுவார்கள், தோள் கொடுப்பவர்கள் குனிவார்கள். இந்த மனுசன் யாருக்கும் பாரமாகப் போகவில்லை என்று ஊர் கண்ணால் பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

வீரம்மாவின் புருசன் செத்தது வெசாக் போயாவில். போயா என்றால் பௌர்ணமி, பௌத்தர்களுக்குப் புனித நாள், நாடு முழுக்க விடுமுறை. சங்கத்துக் காசு கிடந்த டவுன் பேங்க் மூடிக்கிடந்தது. காசு மெஷின்களையெல்லாம் வெசாக் பார்க்க வந்த சனம் வழித்துவிட்டுப் போயிருந்தது. வெறும் வெற்றிலையைத் தட்டில் வைத்துத் தூக்கினார்கள். வீரம்மா ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆனால் சின்னமுத்துவுக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. அடுத்த கிழமையே, போனிலேயே கணக்கு நடத்தும் பேங்குகளைத் தேட ஆரம்பித்தார்.

பல்லேகலையில் ஒரு கார்மண்ட்ஸ் கந்தோரில் கணக்குப் பார்க்கிறவள் சர்மிளா. எந்த பேங்கில் வட்டி கூட, எதில் கட்டணம் குறைவு என்றெல்லாம் அப்பாவுக்குப் பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தாள். எல்லாவற்றையும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். கேட்டுவிட்டுத் தன் பாட்டில் வேறொரு வேலை செய்தார். ஒவ்வொரு போயாவுக்கும் காலையில் குளித்து, திருநீறு பூசி, கதிரையில் உட்கார்ந்து, ஒவ்வொரு பேங்காகப் போனில் கோல் எடுத்தார்.

"நீ சொன்ன இடத்துல வட்டி கூடத்தாம்மா. ஆனா போயாவுக்கு எடுத்தா பாட்டுத்தான் போகுது."

"நாளைக்கி எடுத்தா பேசுவாங்கதானேப்பா."

"செத்தவன் வட்டி கேக்க மாட்டான் புள்ள. நேரத்துக்குக் காசு கேப்பான்."

இந்தப் பிடிவாதத்தைப் பார்த்து அவள் சிரித்திருக்கிறாள். ஒரு பேங்க் சிங்களத்தில் மட்டும் பேசியது. இன்னொன்று நாளை எடுக்கச் சொன்னது. கடைசியில் ஒன்றில் ஒரு ஆள் எடுத்து, தமிழில் பேசி, கேட்டதற்கு ஒழுங்காகப் பதில் சொன்னார். அதிலும் அவர் அவசரப்படவில்லை. மழை போயா, வெயில் போயா, பெரஹரா ஊர்வலம் போகிற போயா எல்லாம் பார்த்த பிறகுதான் சங்கத்தைக் கூட்டினார்.

கூட்டத்தில் அவரை எதிர்த்து நின்றது சொந்தத் தம்பி. "செவரும் இல்ல, கதவும் இல்ல. என்னா பேங்க் இது? டவுன்ல மனேஜரு நம்மளக் கண்டா எழும்பி நின்னு பேசுறாரு." வீரம்மா எழுந்து, "எழும்பி நின்னாரு, கதவத் தொறக்கலியே," என்றாள். அதோடு கூட்டம் அவள் பக்கம் சாய்ந்தது. பாதிக் காசு நிலையான வைப்பில், பாதி சேமிப்பில். எடுப்பதென்றால் மூன்று பேரில் இரண்டு பேர் அவரவர் போனில் முகத்தைக் காட்டிச் சம்மதம் கொடுக்க வேண்டும். இன்று அந்த மூவரில் ஒருவர் பெட்டிக்குள் இருக்கிறார். வீரம்மா காலையிலேயே சம்மதம் கொடுத்துவிட்டாள். பாக்கி இருளப்பன்தான்.

பந்தலுக்குள் பேச்சு முளைத்துவிட்டிருந்தது. இன்றைக்கும் போயா; சாராயக் கடை மூடியதில் தப்புக்காரர்கள் உட்படப் பாதிப்பேர் ஏற்கெனவே கடுப்பில் இருந்தார்கள்.

"காச போனுக்குள்ள போட்டுட்டுப் போயிட்டாரு மனுசன். இனி யாரு எடுக்கிறது?"

"உள்ள இருக்கான்னு யாரு கண்டா?"

தேத்தண்ணித் தட்டோடு நின்ற சர்மிளாவின் காதில் அது விழுந்தது.  ராகு காலத்துக்கு முன் தூக்கியாக வேண்டும். அதற்குள் தட்டில் காசு வராவிட்டால், ஊர்க் காசைத் தொலைத்தவன் என்ற பெயரோடுதான் அப்பா மயானத்துக்குப் போவார். பிறகு நாளைக்கே வந்தாலும் அந்தப் பெயர் போகாது. இப்போது அவளுக்கு வேண்டியதெல்லாம் தட்டில் காசு, அது ஒன்றுதான்.

இருளப்பன் ஈர வேட்டியோடு வந்து போனை முகத்துக்கு நேரே பிடித்தார். முகம் பொருந்தவில்லை என்றது. கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பிடித்தார். பொருந்தவில்லை. வெளிச்சத்துக்குப் போய் வாசலில் நின்று பிடித்தார். இனி முடியாது என்று போன் கணக்கைப் பூட்டிக்கொண்டது.

நான் அன்றைக்கே சொன்னேனே என்று கேட்பார் என்றுதான் சர்மிளா நினைத்தாள். அவர் கேட்கவில்லை. மீசை இல்லாத அந்த முகத்தில் பயம் மட்டுமே இருந்தது.

"பூட்டிக்கிச்சும்மா," என்றார் மெதுவாக. "அண்ணனக் கேவலப்படுத்திட்டேனா நான்?"

"கோல் எடுங்க," என்றாள் வீரம்மா. "எடுப்பாங்கன்னுதானே அவரு தேடிப் புடிச்சாரு."

"இன்னைக்கா? போயாவுக்கா?"

"இன்னைக்குத்தான்."

இருளப்பன் பேங்கின் எண்களை அழுத்தி ஸ்பீக்கரில் போட்டார். தமிழுக்கு இரண்டை அழுத்தச் சொன்னது. அழுத்தினார். பந்தல் அடங்கிப்போயிற்று. மேலே விகாரையின் ஒலிபெருக்கியில் பிக்குகள் பிரித் ஓதுவது மட்டும் கேட்டது. இப்போது பாட்டு போகும், எல்லாரும் சிரிப்பார்கள் என்று சர்மிளா பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

"வணக்கம், ஸனா பேசுறேன். என்ன உதவி வேணும்?"

இருளப்பன் போனைச் சர்மிளா பக்கம் நீட்டினார். சர்மிளாதான் கணக்கைச் சொன்னாள், முகம் பொருந்தாததைச் சொன்னாள்.

"மஹியாவ சங்கமா?" குரலில் சட்டென்று ஒரு சிரிப்பு வந்தது. "சின்னமுத்து ஐயா இல்லியா? இன்டைக்கு இன்னும் அவர்ட கோல் வரல்லியேன்னு பாத்துக்கொண்டிருந்தேன்."

 இருளப்பன் போனை நோக்கிக் குனிந்தார்.

"அவருக்குத்தாம்மா இந்தக் காசு."

 ஸனா "இன்னாலில்லாஹி" என்று வாய்க்குள் தொடங்கி, சாவுச் செய்திக்கு ஓதுவதை ஓதி முடித்தாள். மூக்கை உறிஞ்சுவது கேட்டது. "கொஞ்சம் இரிங்க. வீடியோவில வாறேன். நான் உங்களப் பாக்கோணும்."

திரையில் தலையை மூடிய இளம் பெண் ஒருத்தி தெரிந்தாள். அடையாள அட்டையை முகத்துக்குப் பக்கத்தில் பிடிக்கச் சொன்னாள். அட்டையில் இருந்தவருக்குக் காது வரை மீசை. பிடித்திருந்தவருக்கு ஒன்றுமில்லை. பிறந்த திகதி கேட்டாள், சங்கத்தில் சேர்ந்த விவரம் கேட்டாள். எல்லாம் சரியாக வந்தது.

"முகம் மாறி இருந்தா, ஏன் மாறினதுன்னு நான் எழுதோணும் ஐயா. அது சட்டம்."

"எழுதுங்க," என்றார் இருளப்பன். "அண்ணனுக்குக் கொள்ளி வைக்கப் போறேன்னு எழுதுங்க."

தட்டெழுதும் சத்தம் கேட்டது. எழுதிக்கொண்டே ஸனா பேசினாள். "போயா டியூட்டி எப்பவும் நாங்கதான், தமிழ் முஸ்லிம் புள்ளைகள். மத்தவங்க பன்சலைக்குக் கும்பிடப் போயிருவாங்க. கணக்குத் தொறந்து முடிஞ்ச பிறகும் ஐயா ஒரு போயா விட்டதில்ல. காசப் பத்தி ஒண்டும் கேக்க மாட்டார். 'இருக்கீங்களா மகள்?' அவ்வளவுதான். இருக்கேன்னு சொன்னா வச்சிருவார். போன போயாவுக்கு மட்டும் கூட ஒரு வார்த்த கேட்டார். 'நான் எடுக்காட்டியும், வேற யாரு எடுத்தாலும் இருப்பீங்கதானே'ன்னு."

 ஒவ்வொரு போயாவுக்கும் அந்தக் கதிரையில் கோல் எடுத்து இரண்டு வார்த்தை பேசிவிட்டு வைக்கும் அப்பாவைச் சர்மிளா கண்டிருக்கிறாள். வயசான மனுசனுக்குப் பொழுது போகவில்லை என்று நினைத்திருந்தாள். ஒரு கதவு திறந்துதான் இருக்கிறதா என்று மாதம் தவறாமல் தட்டிப் பார்த்திருக்கிறார். எவரோ ஒருவருடைய சாவுக்காக. பெட்டிக்குள் கிடந்த அந்தச் சின்ன உடம்பைத் திரும்பிப் பார்க்கவே அவளுக்குப் பயமாக இருந்தது. கோயிலில் திரை விலகும்போது வருமே, அந்த மாதிரிப் பயம்.

"பூட்டத் தொறந்துட்டேன். இப்ப உங்கட போனில கேக்கும் ஐயா. சம்மதம்ன்னு அமத்துங்க."

இருளப்பன் ஈரக் கையைத் துண்டில் துடைத்துவிட்டு அழுத்தினார். காசு போய்ச் சேர வேண்டிய வாரிசு சர்மிளா. அடுத்த மூச்சில் அவள் இடுப்பில் செருகியிருந்த போன் கிணிங் என்றது.

பார்த்தவள் அதை வீரம்மாவிடம் நீட்டினாள். வீரம்மா எழுத்துக் கூட்டி வாசித்தாள், பந்தல் முழுக்கக் கேட்கிற மாதிரி. காசு வந்துவிட்டது, சல்லி குறையாமல். யாருடைய சாவுக்கு என்ற இடத்தில் 'சின்னமுத்து, பொருளாளர்' என்று இருந்தது. சற்று முன்பு முணுமுணுத்துக்கொண்டிருந்தவர்கள் தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார்கள். உட்கார்ந்திருந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்தார்கள். யாரும் எழச் சொல்லவில்லை.

தட்டில் வைக்க நோட்டு இல்லையே என்று ஒரு தயக்கம் வந்தது. வீரம்மா யோசிக்கவில்லை. அந்தப் போனையே வெற்றிலைமேல் வைத்து, தாம்பாளத்தை இருளப்பன் கையில் கொடுத்தாள். அதை அண்ணனின் காலடியில் வைத்துவிட்டுக் குனிந்தவர் நிமிர வெகுநேரம் ஆயிற்று.

"நீ சொன்னது சரிதான்ணே," என்றார்.

தப்பு அடி மாறியது. பெட்டியை மூடினார்கள். தோள் கொடுப்பவர்கள் குனிந்தார்கள். இருளப்பனுக்குக் கொள்ளிச் சட்டியை வாங்க இரண்டு கையும் வேண்டியிருந்தது. தன் போனை, "இதப் பிடிம்மா," என்று சர்மிளாவிடம் திணித்துவிட்டு முன்னால் நடந்தார்.

பெண்கள் மயானத்துக்குப் போவதில்லை. வாசல் படலையோடு நின்றுகொண்டார்கள். வீரம்மா சத்தமாக அழுதாள். சர்மிளா கண்ணைத் துடைக்கக் கையைத் தூக்கியபோதுதான் போனைக் கவனித்தாள்.

யாரும் அழைப்பைத் துண்டித்திருக்கவில்லை. திரையில் ஸனாவின் முகம் தெரியவில்லை. மேசை தெரிந்தது, அவளுடைய உடுப்பில் குத்தியிருந்த பெயர்ப் பட்டி தெரிந்தது, அதற்குக் கீழே கோத்துப் பிடித்த இரண்டு கைகள். பின்னால் ஆள் இல்லாத கதிரைகள் வரிசையாகக் கிடந்தன. அவள் எழுந்து நின்றுகொண்டிருந்தாள்.

சர்மிளா போனைத் தெருப்பக்கம் திருப்பினாள். பெட்டி இறக்கத்தில் இறங்கி, வளைவில் மறையும் வரை தலைக்கு மேலே உயர்த்திப் பிடித்திருந்தாள்.