முப்பத்தோராம் பக்கம்

எங்கள் வாசிகசாலையில் புத்தகத்தில் கிறுக்குவது குற்றம். சுவரில் கொட்டை எழுத்தில் அப்படித்தான் எழுதித் தொங்கவிட்டிருந்தார்களாம். ஆனால் பதுளை கீழ்வீதியில் அந்த மாடியறைக்குள் கிறுக்காத புத்தகம் ஒன்றை யாராவது எடுத்துக் காட்டியிருந்தால், ஹம்ஸியா என்ற என் பெயரை நான் மாற்றி வைத்திருப்பேன்.

எல்லாக் கிறுக்கலும் முப்பத்தோராம் பக்கத்தின் கீழ் ஓரத்தில்தான் இருக்கும். ஏன் முப்பத்தொன்று என்று யாருக்கும் தெரியாது. ஏன் கிறுக்குகிறோம் என்பது மட்டும் எல்லோருக்கும் தெரியும். கை மாறிக் கை மாறி அட்டை பிய்ந்துபோன புத்தகங்களை நூலகர் இராமையா ஐயா பழுப்புத் துணி போட்டுக் கட்டிவிடுவார். கட்டி முடித்தால் நூறு புத்தகத்துக்கும் ஒரே முகம். முதல் தாளோடு பெயரும் போயிருக்கும். இது வாசித்ததா, வாசிக்காததா என்று தெரியவேண்டுமென்றால் முப்பத்தோராம் பக்கத்தைத்தான் புரட்ட வேண்டும். அங்கே உன் அடையாளம் இருந்தால் வாசித்தது. இல்லாவிட்டால் உன் அதிர்ஷ்டம்.

ஒருவர் நட்சத்திரம் போடுவார். ஒருவர் மீன் வரைவார், அதற்குக் கண் வைக்க ஒருநாளும் மறக்கமாட்டார். நான் பிறை போடுவேன்.

வாசிகசாலையை நான் பார்த்ததில்லை. பெரிய பிள்ளையானதும் பதின்மூன்று வயதில் வீட்டுக்குள் வைத்தார்கள், வைத்த இடத்தில் இருந்தேன். புத்தகம் கொண்டுவருவது என் மூத்த அண்ணன் மஹ்ரூப் நானா. வாப்பாவின் பலசரக்குக் கடையில் நின்றுவிட்டுப் பகல் சாப்பாட்டுக்கு வரும்போது கக்கத்தில் ஒன்று இருக்கும். தேர்ந்தெடுக்கிற விதம் அவருக்கே உரியது.

“இது நல்ல தடிப்பா இரிக்கிது. மூணு நாளைக்குத் தாங்கும்” என்பார்.

ஏற்கெனவே வாசித்த புத்தகமாக இருந்தால் எனக்குக் கோபம் வரும். அவரோ நான் திருப்பித் தரும் புத்தகத்தைச் சிரித்துக்கொண்டே வாங்கிக் கதிரையில் போடுவார். ஒரு கிழமைக்கு, முழுசாக ஏழு நாள், அது அங்கேயே கிடக்கும்.

அறுபத்தொன்பதாம் ஆண்டாக இருக்கவேண்டும், நான் கொழுந்தைக் கவனித்தது. இரண்டு இலை, நடுவில் ஒரு மொட்டு. பென்சிலால் மூன்றே இழுப்பு. பதுளையில் பிறந்த எவளுக்கும் தேயிலைக் கொழுந்தைக் காட்டித்தர வேண்டியதில்லை. நான் எதை எடுத்தாலும் அதில் அந்தக் கொழுந்து இருந்தது. சிலவற்றில் கொழுந்துக்குக் கீழே என் பிறை விழுந்தது. சிலவற்றில் என் பிறைக்குக் கீழே புதிதாக ஒரு கொழுந்து துளிர்த்திருந்தது. நட்சத்திரக்காரர் நடுவில் விட்டுப்போவார், மீன்காரர் துப்பறியும் கதை தவிர வேறெதுவும் தொடமாட்டார். ஒன்று விடாமல் என்னோடு வந்தது கொழுந்து மட்டும்தான்.

மறைக்க என்ன இருக்கிறது? மனதுக்குள் நான் அதை “அவர்” என்று சொல்லத் தொடங்கினேன். தோட்டப் பள்ளிக்கூடத்து வாத்தியார் என்று வைத்துக்கொண்டேன். கண்ணாடி போட்டேன், குடை ஒன்றும் கொடுத்தேன். அழுகிற இடம் வந்தால் அவரும் இங்கே நிறுத்தியிருப்பாரா என்று நினைப்பேன். அந்த வீட்டில் எனக்கு ஒன்றும் குறையில்லை. ஆனாலும் நான் வாசித்ததைப் பற்றி ஒரு வார்த்தை பேச அந்த வீட்டில் ஆள் இல்லை. கொழுந்திடம் பேசலாம் என்று இருந்தது.

எழுபது தாண்டியதும் வாசிகசாலை மெலியத் தொடங்கியது. இந்தியாவிலிருந்து புத்தகம் இறக்கக் கட்டுப்பாடு வந்தது. சஞ்சிகைகள் நின்றன. இராமையா ஐயா இருப்பதையே மறுபடி மறுபடி கட்டிக் கொடுத்தார். இரண்டு நாடும் செய்துகொண்ட ஒப்பந்தத்தின்படி தோட்டத்து ஆட்கள் குடும்பம் குடும்பமாக இந்தியாவுக்குப் போனார்கள், அவர்கள் புத்தகம் எடுத்த வாசிகசாலை டிக்கட்டுகள் திரும்பி வந்தன. ஒரு நாள் மஹ்ரூப் நானா, “மேசையில நாலு பேருதான் இரிந்தாங்க, அதிலயும் ரெண்டு பேரு தூங்கிறாங்க” என்றார்.

அந்தக் காலத்தில்தான் பவானி என் கைக்கு வந்தாள். இரண்டு பாகமான நாவல். முதற்பாகத்தின் கடைசிப் பக்கத்தில் பவானி, பெருக்கெடுத்த ஆற்றில், ஒரு கிழட்டு ஓடக்காரனை நம்பித் தனியாக ஓடத்தில் ஏறினாள். ஏறியதோடு சரி. எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. முப்பத்தோராம் பக்கத்துக்குத் திரும்பிப் பிறையை அழுத்திப் போட்டேன், பென்சில் கூர் முறிந்துவிட்டது.

மஹ்ரூப் நானா ஆடி அசைந்து அதைக் கொண்டுபோய்க் கொடுக்க இரண்டு கிழமை. பிறகும் இரண்டாம் பாகம் கேட்க மறந்து வேறெதையோ கொண்டுவந்தார். கேட்டபோது அது போய்விட்டிருந்தது.

“தோட்டத்து டிக்கட்டு ஒண்டில போயிரிக்காம். அவங்க முதல் பாகத்தையும் எடுத்துத்தான் வாசிச்சாங்களாம்” என்றார்.

தோட்டத்து டிக்கட்டு என்றால் எனக்கு ஒருவர்தான். நான் அழுத்திப் போட்ட பிறையை அவர் பார்த்திருப்பார். மாதக்கணக்கில் காத்திருந்தேன். இரண்டாம் பாகம் வந்தால் பவானியும் வருவாள், அதில் கொழுந்தும் இருக்கும். வேறு எதற்காகவும் நான் அப்படிக் காத்திருந்ததில்லை. இடையில் பேசி முடித்த கலியாணத்துக்கும் அப்படிக் காத்திருக்கவில்லை.

கலியாணத்துக்கு ஒரு கிழமை இருந்தது. பகல் சாப்பிட உட்கார்ந்த மஹ்ரூப் நானா சிரித்துக்கொண்டே சொன்னார்.

“இண்டைக்கு ஒரு பகிடி. தோட்டத்துல இரிந்து யாரோ வாசிகசாலைக்கு வந்து, ‘கவ்வாத்துக் கத்தி யாருங்க, எந்தத் தோட்டம்’ எண்டு கேட்டாங்களாம். இராமையா ஐயாக்குத் தலயும் வெளங்கல்ல, காலும் வெளங்கல்ல. கத்தி வேணுமெண்டா இரும்புக் கடைக்குப் போங்க எண்டு சொல்லி அனுப்பினாராம்.”

தேயிலைச் செடியைக் கிளை தறித்துக் கவ்வாத்து வெட்டும் கத்தியை வாசிகசாலையில் போய்த் தேடுவார்களா? உம்மா சிரித்தார். வாப்பாவும் சிரித்தார். எல்லோரையும்விட அதிகம் சிரித்தது நான். சோறு மூக்குக்கு ஏறி இருமினேன்.

சிரித்து ஓய்ந்த பிறகு, “இரண்டாம் பாகம் திரும்பி வந்திச்சா நானா?” என்று கேட்டேன்.

“வந்திரிக்கும். நான் பார்க்கல்ல. ஒனக்கு இனி என்னத்துக்குப் புத்தகம்? மாப்பிள்ளை கதை சொல்லுவாரு.”

இரண்டு நாள் கழித்துக் காலையில் ஸ்டேஷன் பக்கமிருந்து அழுகைச் சத்தம் கேட்டது. இந்தியாவுக்குப் போகிறவர்களைத் தலைமன்னாருக்கு ஏற்றும் கோச்சி. வழியனுப்ப வந்தவர்களும் போகிறவர்களும் ஒரே குரலில் அழுவார்கள், எங்கள் குசினி வரைக்கும் கேட்கும். அதற்குப் பெயரே அழுகைக் கோச்சி. நான் வட்டிலப்பத்துக்குத் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். பாவம் என்று சொல்லிவிட்டுத் துருவினேன்.

என்னைக் கட்டிக்கொடுத்தது மொனராகலைக்கு. ஜாபிர் நல்ல மனிதர். பத்திரிகையில் மரண அறிவித்தல் தவிர வேறெதுவும் வாசிக்கமாட்டார். நாங்கள் இருந்த பக்கத்தில் தமிழ்ப் புத்தகம் கண்ணில் காணக் கிடைக்காது. மூன்று பிள்ளைகள் பிறந்தார்கள். தூங்கவைக்கக் கதை கேட்டால் பவானியைத்தான் சொல்வேன். ஓடத்தில் ஏறினாள் என்றதும் பிள்ளைகள், “பொறகு?” என்பார்கள். “பொறகு தூங்குங்க” என்பேன். மூத்தவள் ஒருநாள், “உம்மாக்குத் தெரியாது, அதுதான்” என்றாள். அடிக்கக் கை ஓங்கிவிட்டு இறக்கினேன், அவள் சொன்னது உண்மைதானே.

பதுளைக்குப் போகும்போதெல்லாம் கேட்டு அனுப்புவேன். இராமையா ஐயாவுக்குச் சுகமில்லை என்பார்கள், சாவி வேறு யாரிடமோ என்பார்கள். எழுபத்தெட்டில் பிள்ளைகளின் உம்மா என்ற தைரியத்தில், மூத்தவள் கையைப் பிடித்துக்கொண்டு நானே போனேன். என் வாழ்க்கையில் முதல் தடவையாக அந்த மரப்படியில் ஏறினேன். கதவில் பூட்டு தொங்கியது. சனிக்கிழமை மட்டும் திறக்கப்படும் என்று ஒரு தாள் ஒட்டியிருந்தது. அன்று ஞாயிறு. கதவிடுக்கில் மூக்கை வைத்துப் பார்த்தேன். பழைய தாள் மணம் வந்தது. அதை முகர்ந்துகொண்டு கொஞ்ச நேரம் நின்றுவிட்டு இறங்கினேன்.

எண்பத்திரண்டில் உம்மாவைப் பார்க்க மறுபடியும் வந்தேன். பஸ்ஸை விட்டு இறங்கும்போது ரேடியோக் கடை வாசலில் ஒரு கூட்டம், யாருக்கோ விபத்து என்று பயந்து எட்டிப் பார்த்தால் டெலிவிஷன். வாசிகசாலை மாடியிலிருந்து தட்டச்சு வகுப்பின் டக் டக் சத்தம் இறங்கி வந்தது. இராமையா ஐயா அப்புத்தளையில் மகள் வீட்டோடு போய்விட்டாராம். புத்தகமெல்லாம் என்ன ஆனது என்று வழியில் யாரைக் கேட்டும் பதில் இல்லை.

பதில் எங்கள் கடையிலேயே இருந்தது. வாப்பாவுக்குப் பிறகு கடையைப் பார்க்கும் மஹ்ரூப் நானா ஒரு பெண்ணுக்குச் சீனி கட்டிக்கொண்டிருந்தார். கட்டுகிற தாளில் அச்செழுத்து. அவருக்குப் பின்னால் நான்கு சாக்கு நிறையப் பழுப்புத் துணி முதுகுகள்.

“வாசிகசாலைப் புத்தகம்தான். பழைய தாளெண்டு தந்தாங்க” என்றார். “வேற யாரும் எடுக்கல்ல. மண்ணோட போறதுக்கு ஒரு பிரயோசனமாப் போகட்டுமே.”

எனக்கு வந்த கோபத்தில் தரையில் உட்கார்ந்து சாக்கைக் கவிழ்த்தேன். நட்சத்திரம் வந்தது, மீன் வந்தது, மீனுக்குக் கண் இருந்தது. பிறை வந்தது, கொழுந்து வந்தது, இரண்டும் சேர்ந்து வந்தன. நான்கு சாக்கிலும் பவானி இல்லை. நிமிர்ந்து பார்த்தேன். தராசுக்குப் பக்கத்தில், பொட்டலம் கட்டக் கிழித்துக்கொண்டிருந்த புத்தகம் ஒன்று திறந்து கிடந்தது. ஓடிப்போய் எடுத்தேன். இருபத்தாறாம் பக்கம் வரைக்கும் சீனியும் பருப்புமாகப் போய்விட்டிருந்தது. இருபத்தேழில் முதல் வரியிலேயே பவானி என்று இருந்தது.

இரண்டு தாள் புரட்டினேன். முப்பத்தோராம் பக்கத்தின் கீழே கொழுந்து இருந்தது. அதைச் சுற்றி, நாலு ஓரத்திலும், பொடி எழுத்தில் பென்சிலால் எழுதியிருந்தது.

“கவ்வாத்துக் கத்தி அண்ணனுக்கு. கோவிச்சுக்காதீங்க, புத்தகத்துல எழுதக் கூடாதுதான். நாங்க நாளன்னைக்கு இந்தியாவுக்குப் போறோம். ஒங்க கத்திய நாலு வருசமா பாக்குறோம். எங்க லயத்துல பதினோரு காம்பிரா, டிக்கட்டு ஒண்ணுதான். நான் வாசிப்பேன், எல்லாரும் சுத்தி உக்காந்து கேப்பாங்க. கவ்வாத்து வெட்டுற வேலையோட இம்புட்டு வாசிக்கிற ஆளு எந்தத் தோட்டம்னு எங்க ஆளுங்க பேசிக்குவாங்க. மொத பாகத்துல கத்திய அழுத்திப் போட்டிருந்தீங்க. பவானிய நெனச்சுக் கவலைப்படுறீங்கன்னு வெளங்குச்சு. இந்தப் புத்தகம் ஒங்க கைக்கு வராமப் போயிருமோன்னு, போறதுக்குள்ள நேர்ல பாத்துச் சொல்லலாம்னு வந்திருக்கேன். பாக்க முடியலன்னா இங்கயே சொல்லிர்றேன். பவானி கரை சேந்துட்டா. நாங்களும் சேந்துருவோம். இப்படிக்கு தங்கச்சி கொழுந்து. பேரு ஜெயலெட்சுமி.”

கத்தி. நான் மறுபடி சாக்குகளிடம் போய் ஒரு புத்தகத்தை எடுத்து என் பிறையைப் பார்த்தேன். நாலு வருடமும் பிறை என்று நினைத்துப் போட்டது. தலையைச் சாய்த்துப் பார்த்தால் வளைந்த அலகு, நுனி கூர். மலையில் கவ்வாத்து வெட்டுகிறவர்களின் கையில் இருப்பது இதேதான்.

என்னைத் தேடித்தான் வந்திருக்கிறாள். நாலு தெரு தள்ளி நின்று என்னைக் கேட்டிருக்கிறாள். நான் சோறு மூக்கில் ஏறச் சிரித்திருக்கிறேன். அவள் ஏறிய கோச்சியின் அழுகையைக் கேட்டுக்கொண்டே தேங்காய் துருவியிருக்கிறேன். நான் கண்ணாடியும் குடையும் கொடுத்து வைத்திருந்த வாத்தியார் அந்த நிமிடத்தில் எங்கோ போய்விட்டார், அவரை நான் தேடவும் இல்லை. பதினோரு காம்பிராவின், பதினோரு வீட்டின் ஆட்கள் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள், நடுவில் ஒருத்தி உரக்க வாசித்தாள். அந்த வட்டத்தில் எனக்கும் ஓர் இடம் வைத்திருந்தார்கள். அது எனக்குத் தெரியாமல் ஒன்பது வருடம் போய்விட்டது.

“என்ன ஹம்ஸியா, அழுறியா?” என்றார் மஹ்ரூப் நானா. “வேணுமெண்டா சாக்கோட எடுத்துட்டுப் போயேன்.”

“பென்சிலத் தாங்க நானா” என்றேன்.

அவர் காதிலிருந்து எடுத்துக் கொடுத்தார். ஜெயலெட்சுமி என்ற பெயருக்குக் கீழே ஒரு விரல் அகலம் இடமிருந்தது. அதில் என் பிறையைப் போட்டேன். பிறகு அதற்கு ஒரு பிடி வரைந்தேன்.