பாட்டிலில் தங்கிய கொழுப்பு

ஆஸ்பத்திரிப் பால் வங்கியில் அக்காவை மிஞ்ச ஆள் கிடையாது. தாய்மார்கள் தானமாகத் தரும் பாலை அரை மணி நேரம் அளவான சூட்டில் வைத்துக் கிருமியைக் கொல்வாள். சூடு கூடினால் சத்து செத்துவிடும் என்று வெப்பமானியை மாமியார் மாதிரி முறைத்துக்கொண்டு நிற்பாள். பாட்டிலைக் குலுக்கவே மாட்டாள். குலுக்கினால் சத்து உடையும் என்று என்றைக்கோ யாரோ சொன்னது; அதை உடும்புப்பிடியாகப் பிடித்துக்கொண்டாள். ஆடாமல் அசையாமல் ஊற்றி மாடி வார்டுக்கு அனுப்புவாள்.

அந்த வார்டில்தான் தங்கையின் குழந்தை இருந்தது. ஏழாம் மாதமே பிறந்துவிட்டது. ஒரு கிலோகூட இல்லை. எறும்பு என்றுதான் கூப்பிட்டார்கள். தங்கைக்குப் பால் சுரக்கவில்லை. பத்தொன்பது நாளாகக் குழாய் வழியே அக்கா அனுப்பிய பால்தான் இறங்கியது. எடை ஏறுவேனா என்றது.

"நாள் பூரா பாட்டில் கழுவுற, கை மட்டும் எப்படிக்கா இவ்ளோ வழவழன்னு இருக்கு?" என்று அந்தக் கவலையிலும் தங்கை கேலி செய்வாள்.

இருபதாம் நாள் பரிசோதனைக்கூடத்துக்காரர் வந்தார். "மேல போற பால்ல கொழுப்பே இல்லையேம்மா, எங்க போச்சு?"

அக்கா காலி பாட்டில் ஒன்றை வெளிச்சத்தில் பிடித்தாள். உட்சுவர் முழுக்க வெள்ளைப் படலம். விரலை விட்டுத் தடவினாள். அந்த வழவழப்பு அவளுக்கு நன்றாகத் தெரிந்ததுதான்.

மெல்லச் சுழற்றியிருந்தால் அந்தக் கொழுப்பு பாலோடு போயிருக்கும். பத்தொன்பது நாள் சோப்புப் போட்டுச் சாக்கடையில் விட்டிருக்கிறாள், பாவி. அன்றிலிருந்து ஒவ்வொரு பாட்டிலையும் சுழற்றிச் சுழற்றி ஊற்றினாள்.

நான்காம் நாள் காலை எடை அறுபது கிராம் ஏறியிருந்தது. அக்கா படியேறி ஓடினாள். வாசலிலேயே நர்ஸ் மறித்தாள்.

"சதை இல்லக்கா, நீர் கோத்திருக்கு. உடம்புல தெம்பே இல்ல, கிருமி பிடிச்சிருச்சு. கிட்னி நின்னுபோச்சு. சாயங்காலம் வரைக்கும் தாங்காதுன்னு டாக்டர் சொல்றாரு. உங்க தங்கச்சிகிட்ட இன்னும் சொல்லல."

உள்ளேயிருந்து தங்கை ஓடி வந்தாள்.

"ஏறிடுச்சுக்கா! எறும்பு ஏறிடுச்சு! எல்லாம் உன் கைராசிதான்!"

அக்காவின் இரண்டு கைகளையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அந்தக் கைகள் இன்னும் வழவழவென்றுதான் இருந்தன. அக்கா அவற்றை இழுத்துக்கொள்ளவில்லை.