ஓரெஸ்ட் அளக்கச் சொன்ன மட்டை

ஓரெஸ்ட் ஹால்ச்சக் அன்று அரங்கத்துக்குள் நுழைந்தபோது சொந்த ஊரே அவனைப் பார்த்து ஊளையிட்டது. எதிரணிக்குக்கூட நாங்கள் அப்படி ஊளையிட்டதில்லை, கண்ணுகளா.

"உங்கம்மாவ இன்னும் யாருக்கும் மாத்திக் குடுக்கலையாடா?" என்று மேல் வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. அவன் திரும்பவில்லை. மூன்று முறை உடைந்த மூக்கோடு, பனித்தளத்தின் ஓரத்தில் ஆட்டக்காரர்கள் உட்காரும் பெஞ்சுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டான்.

வடக்கு ஒன்டாரியோவில் எங்கள் டன்மோர் ஃபால்ஸில் இரண்டே பிழைப்புதான். நிக்கல் சுரங்கம், இல்லாவிட்டால் ஐஸ் ஹாக்கி. ஓரெஸ்ட் பதினேழு வயதில் பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினான். ஊர் ஊராகச் சம்பளத்துக்கு ஆடினான். பெரிய லீகில் ஒரே ஒரு பருவம். மற்றதெல்லாம் சின்ன ஊர்கள். கோல் போடுவது அவன் வேலை இல்லை. கோல் போடுகிறவனை எவனாவது தொட்டால், தொட்டவனை அடிப்பதுதான் வேலை. முழங்கால் இரண்டும் போன பிறகு திரும்பி வந்தான். நம் அணிக்குப் பயிற்சியாளர் ஆனான், பிறகு மானேஜரும் அவனே ஆனான்.

வினை அங்கேதான் பிறந்தது. பயிற்சியாளர் ஓரெஸ்டுக்கு ரேயால் கோத்தியேயை உயிருக்கு உயிராகப் பிடிக்கும். ஊருக்கே பிடிக்கும். ரேயால் ஓடினால் பனி சத்தம் போடாது. ஓரெஸ்டின் தங்கை டார்க்காவின் புருஷன் வேறு. ஆனால் மானேஜர் ஓரெஸ்ட், கிறிஸ்துமஸ் முடிந்த கையோடு அவனைச் செயின்ட் ஓமர் அணிக்கு அனுப்பிவிட்டு, பதிலுக்கு இரண்டு தடியன்களைக் கேட்டு வாங்கினான். வீட்டுக்குப் போய்ச் சொல்லக்கூட இல்லை. ரேயால் அதை வானொலியில் கேட்டுத் தெரிந்துகொண்டான்.

அன்றிலிருந்து சாப்பாட்டுக் கடையில் ஓரெஸ்டின் காபி ஆறிப்போன பிறகுதான் மேசைக்கு வரும். அவன் கார் கண்ணாடியில் செத்த மீனை ஒட்டவைத்தார்கள். அது உறைந்து, கத்தியால் சுரண்டித்தான் எடுக்க வேண்டியிருந்தது. டார்க்கா ஞாயிற்றுக்கிழமைப் பெரோகிக் கொழுக்கட்டை விருந்துக்கு அவனைக் கூப்பிடுவதை நிறுத்தினாள்.

கடைசியில் கோப்பைக்கான ஆட்டத்தில் எங்கள் எதிரில் வந்து நின்றது செயின்ட் ஓமர்தான். அணியை நடத்தும் சுரங்க நிர்வாகம் ஓரெஸ்டிடம் முகத்துக்கு நேராகவே சொல்லியிருந்தது. கோப்பை வந்தால் இருக்கலாம். வராவிட்டால் சாவியைக் கொடுத்துவிட்டு, திங்கட்கிழமை விளக்குத் தொப்பியை வாங்கிக்கொண்டு கீழே இறங்கலாம். அவன் அப்பா அந்தச் சுரங்கத்தூசியில் இருமி இருமியே செத்தவர். வேறு தொழிலும் அவனுக்குத் தெரியாது.

மூன்று பகுதி ஆட்டத்தின் இரண்டாம் பகுதியில் ரேயால் தூரத்திலிருந்து ஒரு அடி அடித்தான். பக் என்கிற அந்த ரப்பர் வட்டு தரையோடு கிளம்பி, திடீரென்று எகிறி, கோல்காரனின் தோளைத் தாண்டி வலையில் விழுந்தது. நம் ஊர்க்காரர்களே எழுந்து நின்று கத்தினார்கள். ஓரெஸ்ட் மட்டும் மட்டையையே பார்த்துக்கொண்டிருந்தான். அந்த எகிறல் அவனுக்குத் தெரியும். டார்க்காவின் அடுப்பில் கெட்டில் கொதிக்க, அந்த ஆவியில் மட்டையின் அலகைக் காட்டி, கதவிடுக்கில் வைத்து வளைப்பார்கள் மச்சான்கள் இருவரும். சட்டம் அரை அங்குல வளைவுக்கு மேல் விடாது. ஆனால் யார் மட்டைதான் சட்டத்துக்குள் இருந்தது? அதனால்தான் எவனும் எவன் மட்டையையும் அளக்கச் சொல்வதில்லை. கேட்கிறவனுக்கு அப்புறம் எந்த ஊரிலும் முகம் இல்லை.

அந்தப் பகுதி முடிந்த இடைவேளையில் டார்க்கா எழுந்து கீழே போனாள். நான் அவளுக்கு இரண்டு வரிசை பின்னால் இருந்தேன். காபி வாங்கப் போகிறாள் என்று நினைத்தேன். வெறுங்கையோடு திரும்பி வந்தாள்.

ஆட்டம் முடிய இரண்டு நிமிடம்தான் பாக்கி. ஒரு கோல் பின்தங்கியிருந்தோம். ஓரெஸ்ட் அணித்தலைவன் டவுனோ கெட்டோலாவைக் கூப்பிட்டான்.

"நடுவர்கிட்ட போ. ரேயால் மட்டைய அளக்கச் சொல்லு."

டவுனோ வாயிலிருந்த தண்ணீரைத் துப்பினான். "என்ன கோச், விளையாடுறீங்களா?"

"போடா."

"என் மட்டையும் அப்பிடித்தான் இருக்கு. உங்க காலத்துல உங்களோடது வாழப்பழம் மாதிரி இருந்துச்சாமே!"

"போகப்போறியா, பெஞ்சுல உக்காரப்போறியா?"

"போறேன். யாரு அனுப்புனதுன்னு சத்தமாவே சொல்லுவேன்."

சொன்னான். நடுவர் அளவுகோலை வாங்கிவரச் சொன்னபோது அரங்கம் முழுக்க அடங்கிவிட்டது. ஊளைகூட இல்லை. அளவு மிஞ்சினால் ரேயால் இரண்டு நிமிடம் வெளியே. மிஞ்சாவிட்டால் அந்தத் தண்டனை அளக்கச் சொன்ன அணிக்கு. நடுவர் அலகில் கோலை வைத்தார். திருப்பி இன்னொரு தரம் வைத்தார். பிறகு மட்டையை ரேயாலிடம் கொடுத்துவிட்டு, எங்கள் பெஞ்சைப் பார்த்துக் கையை நீட்டினார்.

மட்டை சட்டத்துக்குள் இருந்தது.

ஓராள் குறைந்த எங்கள் அணிக்கு அதன்பிறகு பக்கைத் தொடக்கூட வாய்ப்பு இல்லை. மணி அடித்தது. கோப்பை போயிற்று.

தொடர் முடிந்தால் இரண்டு அணிகளும் வரிசையில் நின்று கையுறையைக் கழற்றிக் கை கொடுப்பது வழக்கம். எவ்வளவு அடித்துக்கொண்டாலும் அதில் மாற்றம் கிடையாது. அன்று ஓரெஸ்ட் பனியில் வழுக்கி வழுக்கி அந்த வரிசையில் நடந்தான். அவன் எதிரே வரவும், கழற்றிய கையுறையை ஒவ்வொருவனாகத் திரும்ப மாட்டிக்கொண்டான். ஒருவன் கையையே நீட்டவில்லை.

ரேயால் மட்டும் மாட்டிக்கொள்ளவில்லை. வெறுங்கையை நீட்டி, ஓரெஸ்டின் கையைப் பிடித்துக்கொண்டு விடாமல் நின்றான். ஆட்டம் முடிந்ததும் கீழே இறங்கி நடைபாதைக் கம்பியருகே நின்ற எனக்குக் கேட்டது.

"மச்சான், ரெண்டாவது பகுதி வரைக்கும் கெட்டில்ல வளச்ச மட்டைதான் ஆடுனேன். தெரியுமில்ல?"

"தெரியும்."

"இடைவேளையில டார்க்கா வந்து, மட்டைய மாத்து, எங்கண்ணன் அளக்கச் சொல்லுவான்னா. எங்களுக்குள்ள பெரிய சண்ட. என்னைய வித்தான் சரி, அது அவன் வேல, இத மட்டும் ஓரெஸ்ட் செய்யவே மாட்டான்னு சொன்னேன். அவ வாய அடைக்கத்தான் மாத்துனேன்."

ஓரெஸ்ட் கையை உருவிக்கொள்ளப் பார்த்தான்.

"அவதான் உன்ன சரியாத் தெரிஞ்சு வச்சிருக்கா" என்று சொல்லிவிட்டு ரேயால் கையை விட்டான். விட்ட கையைச் சட்டையில் துடைத்தான். கையுறையை மாட்டிக்கொண்டு அடுத்த ஆளிடம் போனான்.

ஓரெஸ்ட் நிமிர்ந்து மேலே தேடினான். டார்க்கா கோட்டின் பொத்தான்களைப் போட்டுக்கொண்டிருந்தாள். அவனைப் பார்த்தாள். கடைசிப் பொத்தானையும் போட்டுவிட்டு வெளியே போனாள்.

திங்கட்கிழமை அவன் சுரங்கத்துக்குள் இறங்கும் கூண்டில் ஏறியபோது யாரும் ஊளையிடவில்லை. உள்ளே இருந்தவர்கள் தங்களுக்குள் சற்று நெருங்கி நின்று, அவனைச் சுற்றி இடம் விட்டார்கள்.